அத்தை தட்டிலிருந்து காணாமல் போனவை

போன மாசம் குளிர்காலத்தில் தோல் வறண்டு வெடிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோலைப் பற்றி இல்லை, மூட்டைப் பற்றி! "எண்ணெய் தடவறது இருக்கட்டும், முட்டி வலிக்கு என்ன சாப்பிடணும்னு சொல்லுங்க" என்று மெல்பர்னில் இருந்து ஒருவர். "பருப்பு, கத்தரிக்காய், தக்காளி எல்லாத்தையும் விட்டுட்டேன், வலி மட்டும் என்னை விடலை" என்று டொராண்டோவில் இருந்து ஒரு அம்மா. நார்வேயில் இருந்து ஒரு சகோதரி எழுதியதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கிலாந்தில், லெஸ்டரில், ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் பதினோரு வருஷமாக நிற்பவள். மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன், எப்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்வேன், சந்தேகம் வந்தால் உள்ளே இருக்கும் பார்மசிஸ்ட்டைக் கூப்பிடுவேன். அவ்வளவுதான் என் தகுதி. இன்றைக்குச் சொல்லப் போவது எங்கள் வீட்டுக் கதை. இதில் நான் கெட்டிக்காரியாக வரப் போவதில்லை.

மாமா தவறிய பிறகு அத்தையை (என் மாமியாரை) கோவில்பட்டியில் இருந்து எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். வரும்போது அவர்களுக்கு 67 வயது. சுத்த சைவம். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். முட்டியில் தேய்மானம் இருக்கிறது என்று ஊரிலேயே எக்ஸ்ரே எடுத்துச் சொல்லியிருந்தார்கள். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் வலி முட்டியோடு நிற்காமல் தொடைக்கும் இடுப்புக்கும் ஏறியது. "எலும்புக்குள்ள உக்காந்து யாரோ குடையுத மாதிரி இருக்கும்மா" என்பார்கள். சோபாவில் இருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். இந்த ஊர் வீடுகள் தெரியுமே, படுக்கையறையும் கழிப்பறையும் மேலே இருக்கும். ஒவ்வொரு தடவையும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு 'முருகா'.

நாங்கள் என்ன சொன்னோம்? வயசு, குளிர், தேய்மானம். எக்ஸ்ரேயிலேயே காரணம் எழுதியிருக்கும்போது வேறு யாரைக் கேட்க வேண்டும்!

சாப்பாட்டில் சரி செய்துவிடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் இறங்கினோம். என் கணவர் மஞ்சள் கேப்சூல் வாங்கி வந்தார், மிளகுச் சத்து சேர்த்தது, பாட்டில் 18 பவுண்டு. சென்னையில் இருக்கும் நாத்தனார் தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு காயை வீட்டைவிட்டு விரட்டினாள். "மதினி, உருளைக்கிழங்கு வாயு, அம்மாவுக்குக் கொடுக்காதீங்க." மறுநாள் பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் வாயு. தயிர் குளிர்ச்சி. கத்தரிக்காயும் தக்காளியும் வீக்கத்தைக் கூட்டும். புளி எலும்பைக் கரைக்கும். நிலக்கடலை பித்தம். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவர் கடலைமிட்டாயைத் தள்ளி வைத்த நாளிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. கடைசியில் அத்தையின் தட்டில் மிச்சம் இருந்தது என்ன? காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதமும் பூசணிக்காயும், ராத்திரி கோதுமைக் கஞ்சி. எட்டு மாதத்தில் 58 கிலோவில் இருந்து 52 கிலோ ஆனார்கள். "உடம்பு குறைஞ்சா முட்டிக்கு நல்லதுதானே" என்று நானே சொன்னேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை நான் கடையில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகன் போன் பண்ணினான். "அம்மா, ஆச்சி பாதிப் படியில உக்காந்திருக்காங்க. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல." முக்கால் மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருந்தார்களாம். யாருக்கும் போன் பண்ணவில்லை. "நீ வேலையில இருப்பியேன்னுதான்" என்றார்கள்.

அடுத்த வாரம் குடும்ப டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரே பற்றி நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அத்தையிடம் இரண்டே கேள்வி கேட்டார். நேற்று காலையில் இருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்? வெயிலில் கடைசியாக எப்போது நின்றீர்கள்? பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கச் சொன்னார், முடியவில்லை. கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பின் மேல் விரலால் அழுத்தினார், அத்தை துடித்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். இந்த ஊர்க் கணக்கில் வைட்டமின் டி 25க்குக் கீழே போனால் குறைபாடு. அத்தைக்கு 14. பி12-உம் குறைவு.

வைட்டமின் டி ரொம்ப நாள் குறைவாக இருந்தால் பெரியவர்களுக்கு எலும்பு சரியாக இறுகாமல் மிருதுவாகிவிடும். ஆஸ்டியோமலேசியா என்று பெயர். குழந்தைகளுக்கு வந்தால் அதுதான் ரிக்கெட்ஸ். இடுப்பு, தொடை, கீழ் முதுகு என்று பரவலாக வலிக்கும். தொடைத் தசை பலமிழக்கும், அதனால்தான் படி ஏறவும் சோபாவில் இருந்து எழவும் கஷ்டம். பார்ப்பவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் மாதிரியே இருக்கும், அல்லது 'எல்லா இடமும் வலிக்குதுன்னு சொல்றாங்க' என்று நாம் சலித்துக்கொள்வோம்.

இது புதுக்கதையும் இல்லை. 1962-லேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள், அங்கே குடியேறிய ஆசியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸும் ஆஸ்டியோமலேசியாவும் இருப்பதைப் பதிவு செய்துவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இதற்கென்றே ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடந்தது. நம்மைப் போல வந்தவர்களுக்கு நடந்ததுதான். கறுத்த தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்க அதிக வெயில் வேண்டும். இங்கேயோ அக்டோபரில் இருந்து மார்ச் ஆரம்பம் வரை, வெயில் அடித்தாலும் அதில் தேவையான கதிர் போதாது. 'ஜன்னல் ஓரத்தில் வெயிலில்தானே உட்கார்ந்திருக்காங்க' என்று சொல்லாதீர்கள், அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. சைவச் சாப்பாட்டில் இயற்கையாக வைட்டமின் டி கிடைக்கும் இடம் மிகக் குறைவு. கோவில்பட்டியில் மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டவர், இங்கே வந்து ஸ்வெட்டரும் சாக்ஸுமாக வீட்டுக்குள் இருந்தால் என்ன ஆகும்?

பிரிட்டன் அரசின் அறிவுரை 2016 முதல் இதுதான்: எல்லாரும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதை யோசிக்கலாம். கறுத்த தோல் உள்ளவர்களும் வெளியே அதிகம் போகாதவர்களும் வருஷம் முழுக்க. அந்தத் துண்டுப் பிரசுரத்தை நானே எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! வீட்டில் இருக்கும் கிழவியைக் கேட்கவில்லை.

பி12 விஷயம் தனி. அது தாவர உணவில் இயற்கையாகக் கிடைக்காது, பால் தயிரில் கொஞ்சம் உண்டு. அத்தை தயிரையும் நிறுத்திவிட்டார்கள். போதாததற்கு மெட்ஃபார்மினை ரொம்ப வருஷம் சாப்பிட்டால் உடம்பு பி12-ஐ எடுத்துக்கொள்வது குறையும். 2022-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி டாக்டர்களுக்கு நினைவூட்டியது. அத்தைக்கு ராத்திரி பாதம் எரியும், அதைச் 'சர்க்கரையால்தான்' என்று விட்டிருந்தோம். சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், ஆனால் பி12 குறைந்தாலும் நரம்பு எரியும். மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவக்காரர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12-ஐயும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டாக்டர் கொடுத்தது வாரம் ஒரு 50,000 யூனிட் கேப்சூல், ஆறு வாரம். அப்புறம் தினசரிச் சின்ன மாத்திரை. இதைப் படித்துவிட்டு யாரும் 50,000 யூனிட்டை இணையத்தில் வாங்கிச் சாப்பிடக் கூடாது, அது பரிசோதனை பார்த்து டாக்டர் தருவது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்னொன்று, வைட்டமின் டி சரியாக இருப்பவர்கள் கூடுதலாகப் போட்டுக்கொள்வதால் முட்டி வலி குறைவதில்லை என்று பெரிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. குறைபாடு இருந்தவருக்குத்தான் அது மருந்து.

மஞ்சளுக்கு வருவோம். நான் மஞ்சளுக்கு எதிரி இல்லை, அது இல்லாமல் எங்கள் வீட்டில் குழம்பு கொதிக்காது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்று வைத்தால் குர்குமின் 90 மில்லிகிராம். முட்டி வலிக்கு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பிரித்தெடுத்த சத்தாக 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் வலி ஓரளவு குறைந்தது உண்மை, ஆனால் பல ஆய்வுகள் சின்னவை, சில வாரங்களே நடந்தவை. குழம்பில் போடும் மஞ்சளே மூட்டுவலியைத் தடுக்கும் என்றால் நம்ம ஊரில் ஒருத்தருக்கும் மூட்டுவலி வந்திருக்கக் கூடாதே!

அந்த மிளகுச் சமாச்சாரம் பெங்களூரில் இருந்து வந்தது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் செய்த ஆய்வு ஒன்றில், குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பெரினைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. கேட்க நல்ல சேதி. ஆனால் பைப்பெரின் மற்ற சில மருந்துகளையும் அதே மாதிரி ரத்தத்தில் தேக்கி வைக்கும். அதோடு, ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் மஞ்சள் கேப்சூல்களால் அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வருவதாக எச்சரித்தது. உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும்படி செய்த, அதிக அளவுள்ள தயாரிப்புகளில்தான் அந்த ஆபத்து கூடுதல். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி அந்த எச்சரிக்கை இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கேப்சூல் பக்கமே போக வேண்டாம். நியூஸிலாந்தில் வார்ஃபரின் சாப்பிட்டுச் சீராக இருந்த ஒருவருக்கு, மஞ்சள் கேப்சூல் ஆரம்பித்த சில வாரங்களில் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டிவிட்டதாக 2018-ல் அந்நாட்டு மருந்து அமைப்பு அறிவித்தது. சாதாரணமாக 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள் என்பது அந்த மாத்திரைக்காரர்களுக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் கடையில் ஒரு பெரியவர் ஒரு கையில் வார்ஃபரின் சீட்டும் இன்னொரு கையில் மஞ்சள் பாட்டிலுமாக நின்றார். பாட்டிலை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தேன். "இது மருந்தில்லையேம்மா, மஞ்சள்தானே" என்று குஜராத்தியும் இங்கிலீஷும் கலந்து சண்டை போட்டார். மருந்தில்லை என்றால் 18 பவுண்டு எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அத்தைக்கு வைட்டமின் ஏற ஏற, டாக்டர் சொன்ன இன்னொரு வேலையும் நடந்தது. தட்டை நிரப்புவது. வயதானவர்களுக்கு உடல் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குக் குறையாமல் தினம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு கணக்கு, அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்). அத்தைக்கு 50 கிராமுக்கு மேல் தேவை. ரசம் சாதத்திலும் கஞ்சியிலும் அதில் பாதிகூட வந்திருக்காது. முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசைதான். அது கரைந்தால் தேய்ந்த மூட்டின் மேல் இன்னும் பாரம். நாங்கள் வலிக்காக ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி, அந்தத் தசையைத்தான் கரைத்திருந்தோம்.

காலையில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கெட்டியான சாம்பார். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பால். மத்தியானம் பருப்புக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் சுண்டல். ராத்திரி பன்னீரோ மீல்மேக்கரோ போட்டுக் குருமா, இரண்டு சப்பாத்தி. பருப்பு மறுபடி சேர்த்த முதல் பத்து நாள் வயிறு உப்பத்தான் செய்தது, பெருங்காயம் கூடப் போட்டுச் சமாளித்தோம். அந்த வாயு குடலில் இருப்பது. அது மூட்டுக்குள் போய் உட்காருவதில்லை என்று அத்தைக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மாசம் ஆனது. சாப்பிட்ட பிறகு நாற்காலியில் இருந்து உட்கார்ந்து எழுவது, முதலில் ஐந்து தடவை, அப்புறம் பத்து. பேரன் எண்ணுவான்.

எனக்கு வைத்தியம் நேர் எதிர். என் முட்டியும் வலிக்கிறது, எனக்கு வயசு 47, எடை 78. எனக்குக் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் வட கரோலைனாவில் முட்டித் தேய்மானம் உள்ளவர்களை வைத்துப் பார்த்ததில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறதாம். அதே குழுவினர் 454 பேரை 18 மாதம் கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. அவர்கள் சராசரியாகப் பத்து சதவீதத்துக்கும் மேல் எடை குறைத்தவர்கள். நான் ராத்திரிச் சாதத்தைப் பாதியாக்கி நாலு மாசத்தில் மூன்று கிலோ குறைத்திருக்கிறேன். தீபாவளி வந்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே முட்டி வலிக்கு, மாமியாருக்குக் கூட்டணும், மருமகளுக்குக் குறைக்கணும். அதனால்தான் 'வலிக்கு என்ன சாப்பிடணும்' என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை.

சாப்பாட்டுக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு உள்ள ஒரு மூட்டுவலி உண்டு. கவுட். ராத்திரி திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். யூரிக் அமிலம் கூடுவதால் வருவது. அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்டார்கள். அதிக இறைச்சியும் கடல் உணவும் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது, பாலும் தயிரும் சாப்பிட்டவர்களுக்குக் குறைவு. பியூரின் நிறைந்த பயறு, கீரை வகைகளால் கூடவில்லை. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பருப்பையும் தக்காளியையும் விட்டுவிட்டு, சனிக்கிழமை பீரையும் ஆட்டு ஈரலையும் விடுவதில்லை. கோலா மாதிரி இனிப்புப் பானங்களும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். அடிக்கடி வந்தால் பத்தியம் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

இப்போது நார்வே சகோதரியின் கடிதம். அவருக்கு 38 வயது. ருமடாய்டு ஆர்த்ரைடிஸ். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறை எடுத்துக்கொண்டிருந்தார். ஓஸ்லோவில் உபவாசத்தாலும் சைவ உணவாலும் இது குணமானதாக ஒரு காணொளி பார்த்து, மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். "வீட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் சொல்லலை அக்கா. காலையில் விரல் மடக்க முடியல. இன்னும் எத்தனை நாள் பொறுக்கணும்?"

தங்கச்சி, அந்த ஓஸ்லோ ஆய்வு நிஜம்தான். 1991-ல் வெளிவந்தது. 53 நோயாளிகளில் பாதிப் பேரை ஒரு ஆரோக்கிய இல்லத்தில் தங்கவைத்து, ஏழில் இருந்து பத்து நாள் உபவாசம், பிறகு மாதக்கணக்கில் பால்கூட இல்லாத சைவம், அப்புறம் பால் சேர்த்த சைவம். வலியும் வீக்கமும் காலை விறைப்பும் குறைந்தன, ஒரு வருஷம் கழித்தும் பலன் தெரிந்தது. ஆனால் அது சின்ன ஆய்வு. மாத்திரையை விட்டெறியச் சொல்ல அது போதாது. ருமடாய்டு என்பது தேய்மானம் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. அடக்கி வைக்காவிட்டால் எலும்பை அரித்துவிடும். அரித்த எலும்பை மெத்தோட்ரெக்ஸேட்டாலும் திருப்ப முடியாது, எந்தச் சாப்பாட்டாலும் திருப்ப முடியாது. உங்கள் கேள்விக்கு என் பதில், ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். இதைப் படித்ததும் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். அவர் திட்ட மாட்டார், நிறுத்துகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். நீங்களாகப் பழைய மாத்திரையை ஆரம்பிக்கவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை பார்த்து அவர் சொல்லட்டும்.

மாத்திரையோடு கூடச் சாப்பாட்டில் ஏதாவது செய்யலாமா என்றால், ருமடாய்டுக்கு நல்ல ஆதாரம் இருப்பது மீன் எண்ணெய்க்குத்தான். ஒமேகா 3 தினம் 3 கிராம் அளவில், மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு வலியும் வலி மாத்திரையின் தேவையும் ஓரளவு குறைந்திருக்கிறது. இதிலும் லேபிளைப் படியுங்கள். '1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்' என்று போட்ட சாதாரணக் கேப்சூலில் ஒமேகா 3 பெரும்பாலும் 300தான். அந்த அளவை எட்டப் பத்து கேப்சூல் ஆகும், அதனால் செறிவானதாகப் பார்த்து, டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். காட் மீனின் ஈரல் எண்ணெயை அந்த அளவுக்குக் குடிக்காதீர்கள், அதில் வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போகும், கர்ப்பத்துக்கும் ஆகாது. நார்வேயில் இருக்கிறீர்கள், மீனுக்கா பஞ்சம்! கானாங்கெளுத்தி, மத்தி, ஹெர்ரிங், சால்மன் எல்லாம் கொழுப்பு மீன். டின்னில் வரும் மத்தியை மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை போட்டுப் புரட்டினால் பதினைந்து நிமிஷ வேலை. டின் சூரைமீன் இந்தக் கணக்கில் சேராது. சைவக்காரர்கள் ஆளி விதை சாப்பிடலாம், நல்லதுதான், ஆனால் அதில் இருப்பது வேறு வகை. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மீனில் உள்ள மாதிரி மாற்றிக்கொள்ளும். பாசி எண்ணெய்க் கேப்சூல் கிடைக்கிறது, விலை கொஞ்சம் அதிகம்.

டொராண்டோ அம்மாவுக்கு: கத்தரிக்காயும் தக்காளியும் மூட்டு வீக்கத்தைக் கூட்டும் என்பதற்கு நம்பும்படியான ஆய்வு இல்லை. ஆனாலும் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு பொருளை இரண்டு வாரம் நிறுத்துங்கள். காலண்டரில் தினம் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதுங்கள். மூன்றாவது வாரம் திரும்பச் சேர்த்து, அதே மாதிரி எழுதுங்கள். வித்தியாசம் இல்லை என்றால் அதற்கு வீட்டுக்குள் திரும்ப வர அனுமதி கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததை நிறுத்த வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள், எது என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? எடை குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படி ஏறக் கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். கனடாவிலும் குளிர்கால வெயில் எங்கள் ஊர் மாதிரிதான். டாக்டரிடம் போங்கள், எக்ஸ்ரேயை மட்டும் கொண்டு போகாமல், ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அத்தை இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மூன்று மாதத்தில் தொடை வலியும் இடுப்பு வலியும் போய்விட்டன. பாத எரிச்சல் பாதி இருக்கிறது. முட்டி வலி இருக்கிறது, தேய்ந்தது தேய்ந்ததுதான், மழை நாளில் இன்னும் 'முருகா' உண்டு. ஆனால் கம்பியைப் பிடிக்காமல் இறங்குகிறார்கள். மிச்சம் இருந்த மஞ்சள் கேப்சூலை என் கணவர் குப்பையில் போடப் போனபோது, "காசு குடுத்து வாங்கினதுல்லா" என்று பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அங்கேயே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீடியோ காலில் வந்தாள். அத்தை அடுப்படியில் எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் பாசிப்பருப்புப் போட்ட சொதி கொதித்துக்கொண்டிருந்தது. "என்னம்மா, கத்தரிக்காயா?" என்று அவள் பதறினாள்.

"ஆமாட்டி. நீ போனை வச்சிட்டு நாளைக்குப் பேசு, கருகிரும்."